சாம்பல் பூத்த பாட்டு

பட்டியலில் பாட்டின் பெயர் இருக்கிறது, தொட்டால் ஓடவில்லை. எழுத்து மட்டும் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. செயலியில் பாட்டுக் கேட்பவர்களுக்கு இது புதிதல்ல. 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை, ஓரிரு மாதங்களிலேயே சரிகம நிறுவனத்தின் பாடல்களை எடுத்துவிட வேண்டியதாயிற்று. உரிமப் பேச்சு படியாமல் விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. எச்.எம்.வி. இசைத்தட்டுக் காலத்துத் தமிழ்ப் பாடல்களின் பெருங்களஞ்சியம் சரிகமவின் கையில். அடுத்த ஆண்டு ஒப்பந்தமாகி அவை திரும்பின. இடைப்பட்ட காலத்தில், அலமாரியில் சி.டி. வைத்திருந்தவர் வீட்டில் ஒரு பாட்டும் நிற்கவில்லை.

அதற்காக, வாங்கிக் கேட்ட காலத்தைப் பொற்காலம் ஆக்கிவிட முடியாது. 80களில் நாம் வாங்கியது எதை? பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுத்தோம். 60 நிமிடமோ 90 நிமிடமோ ஓடும் வெற்றுக் கேசட்டில் பதிந்து வாங்கினோம். கடைசிப் பாட்டு இடம் போதாமல் சரணத்தின் நடுவில் அறுந்துபோகும். பிறகு நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகளை அடைத்த எம்பி3 தட்டுகள் நடைபாதைக்கு வந்தன. இரண்டிலும் காசு கடைக்காரருக்கு; மெட்டுப் போட்டவருக்கும் வரி எழுதியவருக்கும் ஒன்றுமில்லை. அந்தத் திருட்டுச் சந்தையின் வாயை அடைத்ததில் செயலிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. சி.டி.யில்தான் ஒலி சுத்தம் என்ற வாதமும் இன்று செல்லாது. ஆப்பிள் மியூசிக் 2021 முதல் அந்தத் தரத்தைக் கூடுதல் கட்டணமின்றியே தருகிறது.

குறை பங்கீட்டில் இருக்கிறது. மாதம் முழுக்க ஒரே நாகஸ்வரக் கலைஞரை மட்டும் கேட்டாலும் நம் சந்தா நேராக அவரிடம் போவதில்லை. பெரிய செயலிகளில் எல்லாச் சந்தாவும் ஒரே உண்டியலில் விழுந்து, மொத்தக் கேட்பு எண்ணிக்கைப்படி பிரிகிறது. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால் ஒரு கேட்பு. முக்கால் மணி நேர ராகம் தானம் பல்லவி ஒரே தடமாக இருந்தால் அதுவும் ஒன்று. மூன்று நிமிடக் குத்துப்பாட்டும் ஒன்று. 2024 முதல், 12 மாதங்களில் 1,000 கேட்பைத் தொடாத பாட்டுக்கு அங்கே பதிவுரிமைத் தொகையே கிடையாது. கச்சேரி மேடையருகே கலைஞரிடம் வாங்கும் ஒரு சி.டி. இந்தக் கணக்கையெல்லாம் தாண்டிவிடுகிறது. வயலின் யார், மிருதங்கம் யார் என்று அதன் உறை சொல்லும். செயலித் திரையில் பக்கவாத்தியக்காரர் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆகவே, தேடவும் பழகவும் செயலி போதும். எந்தப் பாட்டு நாளைக்குச் சாம்பல் பூத்தால் மனம் பதறுமோ, அதை மட்டும் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. எண்ணிப் பார்த்தால் அந்தப் பட்டியல் ஒரு 90 நிமிடக் கேசட்டில் அடங்கிவிடும்.