மூக்கனேரி: ஒரு வெற்றிக்கதையை வாசித்தல்

மூக்கனேரியைப் பற்றி நான் வாசித்த கட்டுரைகளையும் பார்த்த வீடியோக்களையும் ஒரே நூலாகத் தொகுத்தால், அதில் ஒரே ஒரு கதைதான் இருக்கும். சேலம் கன்னங்குறிச்சியில், சேர்வராயன் மலையடிவாரத்தில் பாழாகிக் கிடக்கும் ஓர் ஏரி. ஒருவர் வருகிறார். ஏரி நிரம்புகிறது, பறவைகள் வருகின்றன. இடப்பக்கம் பழைய படம், வலப்பக்கம் புதுப் படம். கதை முடிஞ்சுது.

இது பொய் இல்லை. 2010இல் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு சேலம் மக்கள் குழு இந்த 58 ஏக்கர் ஏரியைக் கையில் எடுத்தது. மக்களிடம் பணம் திரட்டினார்கள். தோண்டிய வண்டலை ஏரிக்குள்ளேயே திட்டுத்திட்டாகக் குவித்து மரக்கன்றுகள் நட்டார்கள். முன்னின்றவர் பியூஷ் மானுஷ். இன்று அவை மரங்கள் அடர்ந்த சின்னச் சின்னத் தீவுகள். சமவெளிக்காரர்களான நமக்குத் தீவு என்று சொல்லிக்கொள்ள அவைதான் இருக்கின்றன.

என் பிரச்சினை அந்தக் கதையின் வடிவத்தோடு. ஏன் திட்டு என்று அது கேட்பதே இல்லை. மண்ணை லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோனால் செலவு, உள்ளே குவித்தால் மிச்சம். நாலு பக்கமும் தண்ணீர் இருந்தால் நாயும் ஆடும் எளிதில் அண்டாது, கூடுகள் தப்பிக்கும். நல்ல பொறியியல். ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் திட்டின் பாகம், தண்ணீர் நிற்கவேண்டிய இடத்தைத் தின்கிறது. மரத்தில் கூடு கட்டும் கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் திட்டு வரம்தான். கணுக்கால் அளவுத் தண்ணீரில், சேற்றில் இரை தேடும் உள்ளான்களுக்கு அப்படி இல்லை. அவற்றுக்குச் சரிவான, வெறுமையான ஆழமில்லாத கரை வேண்டும். திட்டு போடுவதென்பது எந்தப் பறவை வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதும்தான். ‘இயற்கை மீண்டது’ என்று எழுதிவிட்டால் இந்தத் தேர்வு மறைந்துபோகிறது. அப்புறம் படத்தைப் பார்க்கும் இன்னொரு ஊர்க்காரர், தன் ஏரியின் கணக்கைப் போடாமலேயே நடுவில் ஒரு திட்டு கேட்பார்.

இழப்பை எழுத நம்மிடம் நல்ல மொழி இருக்கிறது. சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’ ஆலைக்காக ஒரு வனம் எரிவதைச் சொன்னது. பெருமாள்முருகனின் ‘ஏறுவெயில்’ (1991) இந்தக் கொங்கு மண்ணில் காலனிக்காக நிலத்தை இழந்த ஒரு குடும்பத்தைச் சொன்னது. இரண்டும் எனக்குப் பிடித்தவை. இரண்டிலும் இடம் கைவிட்டுப் போய்விடுகிறது. போகாமல் பிடித்து வைத்திருப்பவர்களின் நாட்கள், அதாவது மனு, ரசீதுப் புத்தகம், ஞாயிற்றுக்கிழமை கூட்டம், ‘இந்த வருஷம் மதகை யார் தூர்வாருவது’ என்ற சண்டை, நான் வாசித்த புனைவுகளில் அநேகமாக இல்லை. என் வேலையிலும் இதே கதைதான். ஆப் வெளியாகும் அன்று கேக் வெட்டுவோம். அடுத்த ஐந்து வருஷம் அதன் பக்குகளைச் சரிசெய்கிறவருக்கு ஒரு டீகூடக் கிடையாது.

வேடந்தாங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அங்குள்ள விவசாயிகளுக்குத் தெரியும். அதனால் 1798லேயே கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். 2020இல் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் சுற்றளவைச் சுருக்கும் முன்மொழிவு வந்தபோது மறுபடி எதிர்ப்பு கிளம்பியது. இருநூறு வருஷத்துக்கும் மேல் ஓடும் இந்தக் கதையில் நாயகன் என்று ஒருவரைச் சுட்ட முடியாது. உணர்ச்சி குறைவு, சுயநலம் உண்டு, முடிவு இல்லை. ஆனால் பறவைகள் இன்னும் வருகின்றன.

தனி நாயகன் கதைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2016 ஜூலையில் முள்ளுவாடி கேட் மேம்பால வேலையை எதிர்த்து பியூஷ் கைதானார்; சிறையில் தன்னை அடித்ததாகச் சொன்னார். அவருக்காகப் பலர் குரல் கொடுத்தார்கள், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பேச்சு முழுக்க அவர் நல்லவரா கெட்டவரா என்பதிலேயே சுற்றியது. ஏரியும் ஆளும் ஒன்றென்று எழுதி வைத்துவிட்டால் இதுதான் நடக்கும். ஆளைப் பிடிக்காதவருக்கு ஏரியும் பிடிக்காமல் போகும். அந்த ஏரியில் கை வைக்க நினைப்பவருக்கு இதைவிட வசதி வேறென்ன?

மூக்கனேரியைப் பற்றி அடுத்து எழுதுகிறவர் பியூஷைப் பார்க்கப் போகவேண்டாம். மலையிலிருந்து இறங்கும் ஓடையோடு நடந்து, எங்கே வீட்டுமனை மறிக்கிறது, எங்கே சாக்கடை கலக்கிறது என்று பார்க்கட்டும். எந்தத் திட்டின் ஓரம் சரிந்திருக்கிறது, விழுந்த மரத்தில் கூடு இருந்ததா, சரிந்த மண்ணை யார் திரும்பப் போட்டார், அதற்குக் கூலி எவ்வளவு என்று விசாரிக்கட்டும். முன்-பின் படங்களுக்குப் பதிலாக அந்த வரவுசெலவு நோட்டை அப்படியே அச்சிட்டாலும் நான் உட்கார்ந்து வாசிப்பேன்.