இரண்டாவது பிளக்கின் விலை

புனேயை அடுத்த தேஹு ரோட்டில் ஒரு மெக்கானிக் கடை. பழைய பல்சர் 180 ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தவர், "இரிடியம் பிளக் போட்டுடலாமா, காயிலையும் மாத்திடலாமா?" என்று கேட்டார். பிக்கப் போய்விட்டது, மைலேஜும் இறங்கிவிட்டது என்பது அவர் குறை. மெக்கானிக் பதில் சொல்லாமல் கைக்கு எட்டிய பிளக்கைக் கழற்றினார். முனை காப்பிப்பொடி நிறத்தில், எரியவேண்டியபடி எரிந்திருந்தது. பள்ளத்துக்குள் இருக்கும் இன்னொரு பிளக்கை நீளமான பாக்ஸ் ஸ்பேனர் விட்டு எடுத்தார். அடுப்புக்கரி. அதன் தலையில் மாட்டும் கேப்புக்குள் பச்சைக் களிம்பு. அந்த வண்டி எத்தனையோ மாதமாக ஒற்றைப் பிளக்கில் ஓடியிருக்கிறது. இரண்டில் ஒன்று செத்தாலும் எஞ்சின் நிற்காது என்பதால் சொந்தக்காரருக்குத் தெரியவில்லை.

பல்சரின் இந்த இரட்டைப் பிளக் புனேயிலிருந்து வந்த சரக்கு. ஆக்குர்டியைத் தலைமையிடமாகக் கொண்ட பஜாஜ் ஆட்டோ 2003இல் இதை டிடிஎஸ்-ஐ என்ற பெயரில் பல்சருக்குக் கொண்டுவந்தது. பிளக் ஒரு ஓரத்தில் மட்டும் இருந்தால் தீ மறு ஓரம்வரை ஊர்ந்து போகவேண்டும். இரு பக்கமும் பற்றவைத்தால் பாதித் தூரம் போனால் போதும். பல்சர் 150இன் திறன் 12 குதிரையிலிருந்து 13 ஆனது. ஆனால் அது சிலிண்டர் ஹெட்டை மாற்றி வடிவமைத்து, பொறி விழும் நேரத்தை முடிவுசெய்யும் சிடிஐயின் டைமிங்கையும் அதற்கேற்ப அமைத்துப் பெற்ற ஒரு குதிரை. கடையில் வாங்கும் பிளக்கால் அது வராது.

குத்துவிளக்கைத் தீக்குச்சியால் ஏற்றினாலும் தீப்பந்தத்தால் ஏற்றினாலும் சுடர் ஒன்றுதான். கலவை ஒழுங்காகப் பற்றுகிற எஞ்சினில் இன்னும் கொழுத்த பொறி போட்டாலும் எதுவும் கூடிவிடாது. இரிடியத்தின் நன்மை வேறு. அதன் முனையை அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெலிதாகச் செய்யலாம், குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி தாவும், சாதா பிளக்கைவிட நெடுநாள் உழைக்கும். இதெல்லாம் உண்மை. விலையோ பல மடங்கு, பல்சரில் அதுவும் இரண்டு வாங்கவேண்டும். வலுவான காயிலுக்கு இந்த நியாயம்கூடக் கிடையாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் டைமிங்கை ஈசியூ என்ற கணினியே பார்த்துக்கொள்கிறது. அங்கே காயிலை மாற்றி எதைத் திருத்தப்போகிறோம்?

பழைய சேத்தக், ஜாவா, பாயிண்ட் எனும் தொடுமுனை வைத்த புல்லட் ஆகியவற்றின் கதை வேறு. அவற்றில் பாயிண்டைத் தள்ளும் ஃபைபர் தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங் பின்தங்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இடைவெளியைத் திரும்ப வைப்பது தற்காலிகத் தீர்வுதான். பாயிண்டையே எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தால் தேய்கிற உறுப்பே இல்லாமல் போகிறது. அங்கே தாராளமாகச் செலவழிக்கலாம், நான் தயங்காமல் சொல்வேன்.

பல்சரின் இரட்டைப் பிளக்கையும் யாரும் குறைத்து மதிப்பிடவேண்டாம். டிவிஎஸ் தன் ஃபிளேம் பைக்கில் அதை வைத்ததும் பஜாஜ் வழக்குத் தொடுத்து, 2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. டிவிஎஸ் ஒற்றைப் பிளக்கோடு வண்டியை விற்கவேண்டி வந்தது. மறு ஆண்டு தடை நீங்கினாலும் சமரசம் 2019இல்தான் வந்தது. அந்த வழக்கிலும் சண்டை பிளக்கின் உலோகத்தைப் பற்றியதல்ல. சிலிண்டர் விட்டம் 45 முதல் 70 மில்லிமீட்டர், இரண்டு வால்வு, இரண்டு பிளக் என்ற அமைப்பைப் பற்றியது. எங்கள் எஞ்சினில் மூன்று வால்வு என்று டிவிஎஸ் வாதாடியது.

தேஹு ரோட்டு வண்டிக்கு இரண்டு சாதா பிளக்கும் ஒரு கேப்பும் போதுமாயிருந்தது. கிக்கரை ஒரு மிதி மிதித்ததும் எஞ்சின் சத்தமே மாறியது. கையில் வைத்திருந்த இரிடியம் காசை என்ன செய்வது என்று அவர் கேட்டார். பின் டயரைக் காட்டினார் மெக்கானிக். பட்டன் முழுக்கத் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது.