நீரடி ஒளிப்படமும் சுண்ணாம்புச் சூளையும்

1957இல் வெளிவந்த ஆர்தர் சி. கிளார்க்கின் ‘தப்ரபேனின் பவளப்பாறைகள்’ என்னும் ஆங்கில நூலில் மைக் வில்சனின் ஒளிப்படங்கள் நம் கடலடியின் எழிலைப் போற்றின. அவ்வெழில் மறுக்கற்பாலதன்று. ஆயின், நீரடிப் படச் சட்டத்துள் கரையிலுள்ள சுண்ணாம்புச் சூளை அகப்படாது. தென்மேற்குக் கரையிற் பவளத்தை அகழ்ந்து சுட்டே பலர் சீவித்தனர். (கண்டியை அடுத்த திகணையிற் சுண்ணக்கல் இருக்க, பவளத்தைச் சுட்டதேன்? அங்கு கல்லும் மலிவு, கூலியும் மலிவு.) பாறை அழியின் அலையின் வேகம் தணியாது கரை அரிபடும் என்பதைக் கடலறிவியல் நிறுவியுள்ளது. 1979இல் இக்கடுவைக் கடற்பகுதி சரணாலயமாயிற்று. பின்னர் அகழ்ந்தவன் குற்றவாளியானான். பவளத்தின்மீது உராய்ந்து சென்ற கண்ணாடித்தளப் படகோ உல்லாசப் பயணத்துறை எனப்பட்டது. இவ்வெழில் யாருக்காகக் காக்கப்படுகின்றது என்று ஒளிப்படம் வினவுவதில்லை. வினவுதல் திறனாய்வாளன் கடன். 1998இல் கடல்நீர் வெப்பமேறி அப்பவளங்கள் வெளிறியபோது, சூளைக்காரன்மீது மட்டும் பழிசுமத்தவும் இயலாது போயிற்று.