விளையாட்டுத் திரையும் நெடுநல்வாடையும்

காணொளி விளையாட்டுகளில் வானமும் பருவமும் உயிர்ப்புடன் விளங்கவேண்டுமென அவற்றைப் படைப்போர் பெரிதும் முயல்கின்றனர். 2017-இல் வெளிவந்த 'ஹொரைசன் ஜீரோ டான்' மேகத்தைத் தட்டையான ஓவியமாக ஒட்டாமல், ஒளி ஊடுருவிச் சிதறும் திரளாகக் கணித்துக் காட்டியது. இது போற்றற்குரிய திறனே. ஆயினும், வானத்தை அழகுறக் காட்டிய அளவானே பருவம் புலப்பட்டுவிடுமோ என்பது ஆராய்தற்குரியது.

நெடுநல்வாடையில் நக்கீரர் முகிலைச் சுருங்கக் கூறி, அதன் விளைவை விரித்துரைக்கின்றார். கோவலர் தீக்காய்ந்தும் நடுங்குகின்றனர். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. கறவைகள் கன்றுகளை உதைத்து விலக்குகின்றன. நகரிலோ பொழுதே தெரியவில்லை. பிச்சியரும்பு மலர்ந்து மணத்தலைக் கொண்டே மகளிர் மாலையென உணர்ந்து விளக்கேற்றுகின்றனர். வானம் காணப்படாத அவ்விடத்தேதான் கூதிர் மிகுதியும் உணரப்படுகின்றது.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். புள், விலங்கு, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றார். முதற்பொருளின் மாற்றம் கருப்பொருளில் தோன்றாவிடின் திணை நிரம்பாது என்பது நக்கீரர் பாட்டால் தெளியப்படும்.

தருமபுரி மாவட்டத்து வத்தல்மலையை ஒருவர் திரையில் அமைக்கப் புகுவாராயின், அது குறிஞ்சி நிலம்; கூதிரும் யாமமும் அதற்குரியன. முகட்டில் மூடுபனியைச் செறியச் செய்தல் மட்டும் போதாது. காப்பித் தோட்டத்தில் தொழில் செய்வோர் நடை தளர்தல் வேண்டும். பறவையொலி அடங்குதல் வேண்டும். மாலைக்கு முன்பே மனைகளில் விளக்கு எரிதல் வேண்டும். இவையின்றேல், அப்பனி எம்மலைக்கும் பொருந்தும் வெண்திரையே ஆகும். வத்தல்மலையின் பனி ஆகாது.