டயகமவிலிருந்து உலக முடிவுக்கு, நடந்தே!

ஹோர்ட்டன் சமவெளியின் விளிம்பான உலக முடிவுக்கு நுவரெலியாவில் வேன் பிடித்து, பட்டிபொல வழியாகப் போய், படம் எடுத்துக்கொண்டு திரும்பியவரா நீங்கள்? அதுவும் அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒருமுறை டயகமவிலிருந்து நடந்து ஏறிப் பாருங்கள்! அந்த மலையே வேறு, அந்தக் காற்றே வேறு! நானும் என் கூட்டாளியும் போய்வந்த நாளிலிருந்து எனக்கு வேறு பேச்சு இல்லை. கடையில், பஸ்ஸில், யார் அகப்பட்டாலும் பிடித்து வைத்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது நீங்கள் அகப்பட்டீர்கள்.

விடியுமுன்னே கிளம்பிவிட்டோம். லயத்துக் கூரைகளுக்கு மேலே அடுப்புப் புகை, ரொட்டி சுடுகிற வாசம், விரல் மரத்துப்போகிற குளிர். கூட்டாளியின் அம்மா ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பாட்டுப் பெட்டியில் அடைத்துத் தந்தார். மேலே ஹோர்ட்டன் சமவெளிப் பூங்காவுக்குள் பொலித்தீன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் லஞ்ச் ஷீட்டே எடுக்கவில்லை. கூடையோடு கொழுந்துக்குப் போய்க்கொண்டிருந்த அக்கா ஒருவர், “எங்க தம்பி, சப்பாத்தெல்லாம் போட்டுக்கிட்டு?” என்று கேட்டார். “உலக முடிவுக்கு அக்கா.” “நடந்தா!” என்று அவர் சிரித்த சிரிப்பு அந்த மலைச்சரிவு முழுக்கக் கேட்டது. எனக்கோ அப்போதே நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிட்டது, சின்னப் பிள்ளைக்குச் சுற்றுலா நாளில் வருமே, அந்தப் படபடப்பு!

ஆக்ரா ஓயா ஓடுகிற பள்ளத்தாக்கு இது. அந்தத் தண்ணீரில் கையை விட்டேன், எலும்பு வரைக்கும் சில்லென்று ஏறியது. நினைத்துப் பாருங்கள், ஹோர்ட்டன் சமவெளிப் பக்கமிருந்து இறங்கி வருகிற இந்தத் தண்ணீர்தான் கொத்மலை ஓயாவில் சேர்ந்து, மகாவலியாகி, நாட்டிலேயே நீளமான 335 கிலோமீட்டர் ஆறாக ஓடி, திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது! நம் தோட்டத்துப் பிள்ளைகள் கால் நனைக்கிற தண்ணீர் கடைசியில் கடலாகிறது! “மச்சான், நாங்க மகாவலி தொடங்குற இடத்துக்கே ஏறிப் போறோம்டா!” என்று நான் கத்த, கூட்டாளி, “கத்தாம நடடா, மூச்சு மிச்சம் வேணும்” என்றான்.

தேயிலை நிரை எங்கே முடிகிறதோ அங்கே காடு தொடங்குகிறது. அப்படியே சட்டென்று வெளிச்சம் குறைகிறது, பேச்சுக் குரல் அடங்குகிறது. மரங்கள் எல்லாம் காற்றில் முறுக்கேறிக் குட்டையாக, கிளை கிளையாகப் பாசி தொங்க, ஈரமண்ணும் அழுகின இலையும் கலந்த ஒரு மணம் மூக்கை நிறைக்கிறது. மூடுபனியிலிருந்தே நீரை இழுத்து, சொட்டுச் சொட்டாய் மண்ணுக்குள் விடுகிற காடு இது. ஆக்ரா ஓயா ஏன் வற்றாமல் ஓடுகிறது என்று உள்ளங்காலே சொல்லிவிடும். அட்டை இருக்கிறது, ஆமாம், காலில் சவுக்காரம் தேய்த்துக்கொண்டால் போதும், அதற்குமேல் அதைப் பற்றிப் பேச எனக்கு மனமில்லை!

ஏறி ஏறி, மூச்சு வாங்கி, இன்னும் எவ்வளவு தூரமடா என்று கேட்க வாய் திறக்கிற நேரம் பார்த்துக் காடு விலகுகிறது. வானம்! வானம் மட்டும்! கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே கண்ணுக்கெட்டின தூரம் வரை புல்வெளி, நடுநடுவே குடை விரித்த கீனா மரங்கள், ஒரு பக்கம் நாட்டின் இரண்டாவது உயர்ந்த சிகரமான கிரிகல்பொத்த, முகத்தில் அறைகிற காற்று, அதற்குள்ளே, எங்களிடமிருந்து கூப்பிடு தூரத்தில், கொம்பில் பனித்துளி மின்ன ஒரு மரை! நான் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அது தலையைத் தூக்கிப் பார்த்தது, காதை ஒருமுறை உதறியது, மறுபடி மேயப் போய்விட்டது. ஆளுநர் ஹோர்ட்டனின் பெயரைத் தாங்கி, 1988 இல் தேசியப் பூங்காவாகி, 2010 இல் மத்திய மலைநாட்டோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் ஏறிய இடம் இது. மகாவலிக்கு மட்டுமல்ல, களனி கங்கைக்கும் வளவை கங்கைக்கும் தண்ணீர் தருகிற மலை!

அப்புறம் அந்த விளிம்பு. ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! நாங்கள் உலக முடிவுக்குப் போய்ச் சேர்ந்தபோது நண்பகல், எல்லாம் வெள்ளை, கையை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. காலையிலேயே வேனில் வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். “இருடா, விலகும்” என்றான் கூட்டாளி. ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், உறைப்பில் கண் கலங்கியது, அப்போது ஒரு காற்று கீழிருந்து எழும்பியது பாருங்கள், பனி கிழிந்தது, கிழிந்து மேலே பறந்தது, காலடியில் ஏறக்குறைய 870 மீட்டர் பள்ளம் செங்குத்தாக இறங்கியது, தூரத்தில் சமனலவெவ நீர்த்தேக்கம் பளபளத்தது, அதற்கும் அப்பால் தெற்கே நீலமாய் ஒரு கோடு, “கடல்! கடல்டா!” என்று நான் எழும்பிக் குதிக்க, கூட்டாளி என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான், அது கடலோ வானமோ, எனக்கு அது கடல்தான்! ஆனால் என்னை அழவைத்தது அதுவல்ல. நேர் கீழே, அந்தப் பாதாளத்தின் அடியில், சீப்பால் வாரிவிட்டாற்போல் பச்சை நிரைகள்: நொன்பரில் தோட்டம்! விடியலில் நாங்கள் விட்டுவந்த அதே தேயிலை, அதே நம் சனம், உலகம் முடிகிற இடத்துக்குக் கீழேயும்! இந்த மலையின் இரண்டு பக்கத்தையும் பச்சையாக்கி வைத்திருப்பவர்கள் நாம்தானே என்று நினைத்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது, நானும் கூட்டாளியும் பைத்தியங்கள் மாதிரி ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம், அழுதோம், மறுபடி சிரித்தோம்!

பேக்கர் நீர்வீழ்ச்சியின் சாரலில் முகம் கழுவி, ஒஹியவுக்கு இறங்கும்போது கால் இரண்டும் இரும்பாய்க் கனத்தன. மனசோ இன்னும் மேலேயே நின்றது.

கண்டி ஹந்தானையில் தொடங்கி 300 கிலோமீட்டருக்கு மேல் மலைநாட்டைச் சுற்றி வரும் பீக்கோ ட்ரெயில் என்ற நடைபாதையில் டயகம–ஹோர்ட்டன் சமவெளி வழியும் ஒரு கட்டம். உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ ஆட்கள் முதுகுப் பையோடு வந்து நம் தோட்டத்து வழிகளில் நடக்கிறார்கள். அந்த வழிகளை வெட்டினவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார். நாம் நடக்காமல் யார் நடப்பது? டிக்கெட், நுழைவு விவரங்களை முதல் நாளே விசாரித்து வையுங்கள், விடியுமுன் கிளம்புங்கள், நல்ல கூட்டாளி ஒருவரைக் கட்டாயம் இழுத்துக்கொண்டு போங்கள். டயகமவில், அக்கரப்பத்தனையில், ஹட்டனில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையும் ஒருநாளாவது இந்த மலையை ஏறிக் கடக்க வேண்டும். வர ஆள் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள், சப்பாத்து வாசலிலேயே இருக்கிறது!