பிணை நிற்க ஆளில்லாத காடு: போக்னரின் கிழ வேட்டைக்காரர் பற்றி

வேட்டைக்காரன் கிழவனாவது பற்றிய கதைகள் உலகில் நிறைய உண்டு. பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. கை நடுங்கும், கண் மங்கும், கடைசியில் கொம்பு பரந்த ஒரு மான் முன்னால் வந்து நிற்கும், கிழவர் வில்லையோ துப்பாக்கியையோ தாழ்த்திக்கொள்வார். வாசிக்கிற நமக்கும் கண் கலங்கும், புத்தகத்தை மூடிவிட்டுப் படுத்துவிடலாம். வில்லியம் போக்னரின் ‘டெல்டா இலையுதிர்காலம்’ என்ற கதையை வாசித்தவருக்கு அப்படி லேசில் நித்திரை வராது. அதில் வரும் ஐசக் மெக்காஸ்லின் எண்பதை நெருங்குகிற மனிசன். ஆனாலும் அவருடைய குறி ஏறத்தாழ முன்னைப் போலவேதான் இருக்கிறது. கதை அதைத் தொடக்கத்திலேயே சொல்லி முடித்துவிடுகிறது. ஆகவே உடல் தளர்ச்சி இந்தக் கதையின் விடயமே அல்ல.

கதை 1942இல் வெளிவந்த ‘கோ டவுன், மோசஸ்’ நூலில் உள்ளது. போக்னருக்கு நோபல் பரிசு கிடைப்பதற்கு (1949ஆம் ஆண்டுக்கான பரிசு) முந்திய காலம். ஒரே குடும்பத்தைச் சுற்றிய ஏழு கதைகள் கொண்ட நூல் அது. நாவல் எண்டு சொல்வாரும் உண்டு. மிசிசிப்பி மாநிலத்தில் அவர் கற்பனையாகப் படைத்த யோக்னபடாவ்பா மாவட்டம்தான் களம். நூலில் பெயர் போனது ‘கரடி’ என்ற நெடுங்கதை. விமர்சகர்கள் அதையே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். அதிலுள்ள இளம் ஐசக்கை ஒரு ஞானியாகக் கண்டவர்களும் பலர். அந்த வாசிப்பு பாதிதான் சரி என்பது என் அபிப்பிராயம். மீதிப் பாதிக்குத்தான் போக்னர் இந்தக் கதையை எழுதினார்.

முன்கதை தெரியாவிட்டால் ஒன்றும் விளங்காது என்பதால் சுருக்கிச் சொல்கிறேன். பன்னிரண்டு வயதில் ஐசக் முதல் மானைச் சுடுகிறான். சிக்கசோ பழங்குடித் தலைவனுக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்த சாம் ஃபாதர்ஸ் என்ற கிழவர் அந்த மானின் சூடான இரத்தத்தை அவன் முகத்தில் பூசுகிறார். காட்டுக்கு நீ கடமைப்பட்டவன் என்பது அதன் பொருள். பின்னர் குடும்பத் தோட்டத்தின் பழைய கணக்குப் புத்தகங்களை வாசிக்கும்போது அவனுக்கு ஓர் உண்மை தட்டுப்படுகிறது. பாட்டனார் தனக்கு அடிமையான பெண்ணில் ஒரு மகளைப் பெற்று, அந்த மகளிலேயே ஒரு மகனையும் பெற்றிருக்கிறார். மகளின் தாய் ஆற்றில் விழுந்து சாகிறாள். மாட்டுக்கும் பருத்திக்கும் எழுதின அதே கையெழுத்தில் இதுவும் கணக்காக எழுதப்பட்டிருக்கிறது. இருபத்தொரு வயதில் ஐசக் தன் அனந்தரச் சொத்து முழுவதையும் எனக்கு வேணாம் எண்டு உதறிவிட்டு, தச்சுத் தொழிலால் பிழைக்கப் போகிறான்.

ஹறாம் கலந்த சொத்தைக் கையால் தொடாத மனிதர். நம் வாசகருக்கு இந்த இடத்தில் ஐசக் மீது மரியாதை பிறப்பது இயல்பு. எனக்கும் அது உண்டு. ஆனால் உதறிய சொத்து எங்கே போனது? காணி ஆவியாகிப் போகவில்லை. மச்சான் முறையான மெக்காஸ்லின் எட்மண்ட்ஸின் கைக்குப் போனது. அவர் பேரன் ரோத் எட்மண்ட்ஸ் இப்போது அதன் எசமான். அந்தத் தோட்டத்திலிருந்து மாதா மாதம் வரும் சிறு தொகையை ஐசக்கும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார். நம் ஊர்களிலும் ‘நான் அதில கை வெக்கல்ல’ எண்டு சொல்லி ஒதுங்கிக்கொள்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். யாருக்குச் சேர வேண்டியது யாரிடம் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வியைக் கேட்டால் மட்டும் அவர்களுக்குக் கோபம் வரும்.

இனிக் கதைக்கு வருவோம். நவம்பர் மாதம். எல்லோரும் ‘ஐக் மாமா’ என்று அழைக்கும் இந்தப் பிள்ளையில்லாத கிழவர், தன் பழைய கூட்டாளிகளின் மக்களோடும் பேரர்களோடும் காட்டுக்குப் புறப்படுகிறார். ஒரு காலத்தில் வண்டியில் முப்பது மைல் போனால் காடு. இப்போது காரில் இருநூறு மைல் போக வேண்டியிருக்கிறது. காடு பின்வாங்கிக்கொண்டே போகிறது, கிழவரின் ஆயுளும் அப்படியே. இரண்டும் ஒரே நாளில் முடிந்துபோகும் என்றொரு ஆறுதலை அவர் தனக்குள் வைத்திருக்கிறார். போக்னரின் நீண்ட, மூச்சு வாங்கவிடாத வசனங்கள் இந்த இடத்தில் மிக அழகு. ஆனால் அழகுக்குள் ஒரு சுயநலம் ஒளிந்திருப்பதையும் கவனிக்க வேண்டும். தனக்குப் பிறகு காடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தன் காலத்துக்கு அது போதும் என்கிற கணக்கு அது.

காரில் ஒரு பகிடி நடக்கிறது. லெகேட் என்பவன், ரோத் காட்டுக்கு வருவது ஒரு பெண்மானைத் தேடித்தான், அந்த மானுக்கு இரண்டு கால் எண்டு குத்திக் கதைக்கிறான். ரோத்தின் முகம் கறுக்கிறது. அதே பயணத்தில் உலகப் போர் பற்றிய பேச்சு வருகிறது, ஹிட்லர் பற்றியும் வருகிறது. பெண்மானையும் குட்டியையும் காப்பதற்காக மனிதன் செய்த சண்டைக்கு மட்டுமே இறைவனின் ஆசி உண்டு என்ற கருத்தில் கிழவர் பேசுகிறார். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் உலகில் எப்போதாவது பஞ்சம் வந்ததா என்று ரோத் ஏளனமாகக் கேட்கிறான். கிழவரின் நசீஹத் அழகானது. அடுத்த நாள் காலை அதற்குச் சோதனை வருகிறது.

மழைக் காலை. மற்றவர்கள் வேட்டைக்குப் போய்விட்டார்கள். கிழவர் கூடாரத்தில் படுத்திருக்கிறார். ஓர் உறையில் பணத்தைக் கொடுத்து, ஒருத்தி வருவாள், இல்லை எண்டு சொல்லிவிடுங்க என்று ரோத் ஒப்படைத்துப் போயிருக்கிறான். படகில் அவள் வருகிறாள், ஆண்களின் தொப்பியும் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு, கையில் கம்பளியில் சுற்றிய குழந்தையோடு. பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள், அமைதியாகப் பேசுகிறாள். உறவுமுறைகளைப் பற்றி அவள் கிழவரைவிடக் கூடத் தெரிந்து வைத்திருக்கிறாள். விக்ஸ்பர்க்கில் தன் மாமி ஊராரின் துணி துவைத்துக் கொடுத்துப் பிழைத்ததைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லும்போதுதான் கிழவருக்கு அவள் நிறம் விளங்குகிறது. கறுப்பு மக்களை இழிக்கும் அந்தச் சொல் அவர் வாயிலிருந்தே வருகிறது. இன்னும் கேட்டால் அவள் வேறு யாருமில்லை, அவருடைய பாட்டனார் அடிமைப் பெண்ணில் பெற்ற அதே வழிமுறையின் பேத்தி. பழைய கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கம் அறுபது வருசத்துக்குப் பிறகு நடந்து வந்து அவர் கட்டிலருகே நிற்கிறது.

அவர் என்ன செய்கிறார்? பணத்தைத் தள்ளுகிறார். வடக்கே போய்விடு, உன் இனத்தில் ஒருவனைக் கட்டிக்கொள் என்கிறார். ஆயிரம், இரண்டாயிரம் வருசம் கழித்து இது நடக்கலாம், இப்போது முடியாது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறார். ஒரு கணம் அவருடைய சுருங்கிய விரல் அவளுடைய இளங்கையைத் தொடுகிறது. ஒரே இரத்தம் தன் வீட்டைத் தேடி வந்து சேர்ந்த கணம். அந்தக் கணத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாகக் குழந்தைக்கு ஒரு பழைய வேட்டைக் கொம்பைக் கொடுக்கிறார், வெள்ளி கட்டியது. காடே இல்லாமல் போகப்போகும் ஊரில், இல்லாத வேட்டைக்கு ஊதும் கொம்பு! போக்னரின் கசப்பான நகைச்சுவை இதில் உச்சத்தில் இருக்கிறது. சில விமர்சகர்கள் இந்தக் கொம்பைக் கிழவரின் கருணைக்கும் உறவை ஏற்றதற்கும் அடையாளமாக எடுக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. வாசலில் நிற்பவருக்கு உள்ளே வா எண்டு சொல்லாமல் கையில் எதையாவது திணித்து அனுப்புவதற்குச் சதக்கா என்று நாம் பெயர் வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

அந்தப் பெண் கேட்பது இரண்டு. ஒன்று, இவ்வளவு காலம் வாழ்ந்தும் அன்பு என்ற ஒன்றைக் கேள்விப்பட்ட ஞாபகம்கூட உங்களுக்கு இல்லையா என்பது. இது எல்லோரும் மேற்கோள் காட்டும் இடம். மற்றது அதற்கு முன்னால் அவள் போகிற போக்கில் சொல்வது. ரோத்தைக் கெடுத்தது நீங்கள்தான், அவனுக்குரியதல்லாத காணியை அவன் பாட்டனுக்குத் தூக்கிக் கொடுத்தபோதே கெடுத்துவிட்டீர்கள் என்கிறாள். கதையின் முதுகெலும்பு இதுதான். உதறிய கை சுத்தமான கையாகிவிடாது. அநியாயத்தின் சொத்தை அநியாயம் செய்யப்பட்டவர்களின் பிள்ளைகளிடம் சேர்க்கிற வேலையை ஐசக் முழுமையாகச் செய்யவில்லை. பாட்டனார் உயிலில் ஒதுக்கிய பணத்தைக் கொண்டுசேர்க்க இளமையில் அலைந்து திரிந்தவர்தான். பணம் கொடுத்தார், காணியில் உரிமையும் குடும்பத்தில் இடமும் கொடுக்கவில்லை.

அவள் போன பிறகு லெகேட் அவசரமாக வருகிறான், கத்தி தேடுகிறான். ரோத் ஒரு மான் சுட்டுவிட்டானாம். என்ன மான் எண்டு கேட்டால் மழுப்புகிறான். பெண்மானைச் சுடுவது அங்கே அப்போது குற்றம். கிழவர் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு தானே சொல்லிவிடுகிறார், அது பெண்மான்தான் என்று. கதை அத்துடன் முடிகிறது.

இந்தக் கடைசி வரியைத் தமிழாக்கினால் எந்தச் சொல்லைப் போடுவது? ‘பெண்மான்’ விளங்கும், ஆனால் தட்டை. ‘பொட்டை மான்’ சந்தைப் பேச்சு. ‘பிணை’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல் பெண்பாற் பெயர்களுள் எண்ணும் சொல்; கலையும் பிணையும் எண்டு சங்கப் பாட்டு முழுக்க வருவது. அதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. நீதிமன்றத்தில் ஆளுக்கு நிற்கிறோமே, அந்தப் பிணை.

இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கிற காவியம் நம் கையில்தான் இருக்கிறது. உமறுப் புலவரின் சீறாப்புராணம், நுபுவ்வத்துக் காண்டம், மானுக்குப் பிணை நின்ற படலம். வேடன் பிடித்துக் கட்டிய பெண்மான், குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று நபிகளாரிடம் முறையிடுகிறது. அவர்கள் பிணை நிற்கிறார்கள். மான் குட்டியையும் அழைத்துக்கொண்டு திரும்பி வருகிறது, வேடன் ஈமான் கொள்கிறான். பிணைக்குப் பிணை! புலவர் இந்தச் சிலேடையை அறியாமலா இருந்திருப்பார்? வகுப்பில் இதை நாம் முஃஜிஸாத்தாக, மான் பேசிய அற்புதமாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். அதிலுள்ள சட்ட உறவை யாரும் படிப்பிப்பதில்லை. பிணை நிற்பவர் தன்னையே பணயம் வைக்கிறார். மான் வராவிட்டால் வேடனுக்குப் பதில் சொல்ல வேண்டியது அவர். ஐசக் மெக்காஸ்லின் வாழ்க்கை முழுக்கச் செய்யாதது இதைத்தான். பெண்மானுக்காகப் பேசினார். குட்டியோடு வந்து நின்ற பிணைக்குப் பிணை நிற்கவில்லை. போக்னருக்கு உமறுப் புலவரைத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. ஆனால் சீறாவை வாசித்த ஒருவர் இந்தக் கதையின் கடைசி வரியைக் கேட்கும் விதம் வேறு.

இன்னொன்று. இன்றைய அமெரிக்க வேட்டைக்காரருக்கு அந்த வரி உறைக்குமா என்பது ஐயம். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வெள்ளைவால் மான்கள் ஏறத்தாழ ஐந்து இலட்சமாகக் குறைந்திருந்தன என்பது பொதுவான கணிப்பு. பெண்மானைச் சுடக்கூடாது என்ற தடைக்கு அது ஒரு காரணம். இப்போது சுமார் மூன்று கோடி என்கிறார்கள். பல மாநிலங்கள் பெண்மானைக் கொல்லச் சொல்லி அனுமதிச் சீட்டும் கொடுக்கின்றன. வயதான வேட்டைக்காரரிலும் வில்லை எடுப்பவர்கள் உண்டு. 1969இல் காப்புரிமை பெற்ற கப்பி பூட்டிய வில்லை இழுத்துப் பிடித்து வைக்கப் பெரிய பலம் வேண்டியதில்லை. தோள் தேய்ந்தால் இழுவையைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் அம்புக்கு மான் இருபது முப்பது யார் தூரத்துக்குள் வர வேண்டும். மணிக்கணக்கில் மரத்தில் அசையாமல் இருக்க வேண்டும். அந்தத் தூரத்தில் அது கலையா பிணையா, பின்னால் குட்டி வருகிறதா என்பது கண்ணுக்கு நேரே தெரியும். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல வழியில்லை. ரோத்தும் தெரிந்தேதான் சுட்டான். கிழவருக்கும் அது தெரிந்திருந்தது. அதனால்தான் லெகேட்டின் வாயைப் பார்க்காமல் தானே சொன்னார்.

நூலைத் தமிழாக்க விரும்பும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘கரடி’யை மட்டும் தனியே பிரித்துப் போடாதீர்கள். அதை மட்டும் வாசிக்கிறவருக்கு ஐசக் ஞானியாகவே நின்றுவிடுவார். கம்பளிக்குள் சுற்றிய அந்தக் குழந்தை அவர் கண்ணில் படவே படாது.