குன்றிமணி எடை

நிரல் தப்பான விடை தந்தால் சோதனை உடனே கூச்சலிடும். மெதுவானால் சத்தமே வராது. இன்று ஒரு துளி, நாளை ஒரு துளியாக வேகம் கசிந்துவிடும். கடிகாரம் வைத்துப் பிடிக்கலாமென்றால், அதே கணினியில் அதே நிரலுக்கு ஓட்டத்துக்கு ஒரு நேரம் காட்டும்.

எஸ்கியூலைட் தரவுத்தளத்தைச் செய்பவர்களின் வழி எனக்குப் பிடிக்கும். கேஷ்கிரைண்ட் என்ற கருவியில் ஒரு மாதிரி வேலையை ஓடவிட்டு, செயலி எத்தனை கட்டளைகளை நிறைவேற்றியது என்று எண்ணுகிறார்கள். எண்ணிக்கையும் நேரமும் ஒன்றல்லதான். ஆனால் மறுபடி ஓட்டினாலும் முதல் ஏழு இலக்கம் அசையாது. 0.1 சதவீத மாற்றமும் கண்ணில் படும். அப்படிச் சிறுகச் சிறுகச் சேமித்தே, 2014இல் வந்த 3.8.7 பதிப்பு, 2013இன் 3.7.17ஐவிட 50 சதவீதம் வேகம் கண்டது.

விறகு நிறுக்கும் தராசில் ஆசாரி பொன்னை வைப்பாரா?